பாஸ் போட்டுத் துரத்திய பிள்ளைகள்

ஒரு பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதன் ஆண்டு விழாவுக்குப் போகாதீர்கள். ஏப்ரல் கடைசியில், முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். அங்கே சில பெற்றோர்கள் நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள். வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். எதற்காகக் கும்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

நான் திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்துவதைப் பற்றி இன்றைய ஆசிரியர்களான உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். நான் சொல்ல வந்தது அந்தத் தாளைப் பற்றி. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அதை மறைத்துக்கொண்டு எழுதினால் நீங்கள் இதை ஏதோ பழைய கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் 'சென்டம்' என்ற நூற்றுக்கு நூறு தேர்ச்சிப் பைத்தியம் எங்கள் ஊரைப் பிடித்தது. பத்தாம் வகுப்பில் எல்லாரையும் தேற வைத்த பள்ளிகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துணி பேனர் கட்டின. பேனர் கட்டிய பள்ளியில் ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கக் கூட்டம் முண்டியடித்தது. எங்கள் பள்ளி முந்தின வருடம் சென்டத்துக்குப் பக்கத்தில் வந்து தவறிவிட்டது. நிர்வாகத்துக்கு அது பொறுக்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் தலைமையாசிரியர் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகளை அடிக்க மாட்டார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அப்படிப்பட்டவர்தான் சொன்னார்: "இந்த வருஷம் ஒன்பதாவதுலயே கொஞ்சம் க்ளீன் பண்ணிடணும்."

க்ளீன். பிள்ளைகளைப் பற்றித்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

முறையையும் விளக்கினார். பத்தாவதில் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்வது. 'உங்க பிள்ளை ஃபெயில். ஆனா பாவம், ஒரு வருஷம் வீணாகக் கூடாது. பாஸ்னு போட்டு டி.சி. தர்றோம். வேற ஸ்கூல்ல பத்தாவது சேத்துக்குங்க. இங்கயேதான் இருக்கணும்னா மறுபடி ஒன்பதாவதுதான்' என்று சொல்வது. எந்தத் தகப்பன் ஃபெயிலைக் கேட்பான்? பாஸ் போட்ட டி.சி.யை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவான். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று ஏறிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான்தான் வகுப்பாசிரியை. என் வகுப்பில் ஆறு பெயரை அவர் குறித்து வைத்திருந்தார்.

"அது நாம சொல்லிக் குடுத்த பிள்ளைங்க சார்" என்றேன்.

"அந்த ஆறு பேரும் உங்க சப்ஜெக்ட்லதான் டீச்சர் விழுறாங்க."

"விழுந்தவங்களைத் தூக்கிவிடத்தான் இன்னும் ஒரு வருஷம் கிடக்கே."

மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த சீனியர் டீச்சர் என் காலை மிதித்தார், பேசாதே என்று. தலைமையாசிரியர் சிரித்தார். "சரி, உங்க கிளாஸைப் பத்தி அப்புறம் உக்காந்து பேசுவோம். நீங்க வந்ததும் முடிவு பண்ணலாம்" என்றார்.

நான் போக வேண்டிய இடம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். மறுநாள் காலை அங்கே போய்விட்டேன். 'நீங்கள் வந்ததும்' என்று ஒரு தலைமையாசிரியர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் போனேன்.

முகாமில் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், என்னைத் தேடி யாரோ வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்குப் போனேன். வெயிலில் என் வகுப்புப் பிள்ளை பாண்டியம்மாளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

பாண்டியம்மாளுக்குக் கன்னிவாடிப் பக்கம் ஒரு ஊர். அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலை. அவள் தினமும் பஸ் பிடித்து, தினமும் தாமதமாக வந்து, தினமும் ஒரு காரணம் சொல்லிச் சிரிப்பாள். அல்ஜீப்ரா அவளுக்கு ஆகவே ஆகாது. "எக்ஸுன்னு எதுக்கு டீச்சர் ஒளிச்சு வைக்காக? நம்பரையே குடுத்துட்டா என்ன?" என்று வகுப்பில் எழுந்து கேட்டவள். அன்று அவள் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் அம்மா வெங்காயக் காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கும்பிடவில்லை. நேராகக் கேட்டார்: "ஏன் டீச்சர், இவ தேறமாட்டா, அனுப்பிவிட்ருங்கன்னு நீங்கதான் சொன்னீகளாம்ல. நெசமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சொன்னா?" என்றேன்.

"பெரிய சாரு சொன்னாக. கிளாஸ் டீச்சரே சொல்லிட்டாக, இனி நாங்க என்ன செய்யன்னு. இவுக அப்பாவும் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டு வந்துட்டாரு. எங்கூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்க் குடுத்தா, பத்தாவதுக்குப் புதுசா சேக்குறதில்லைங்காக. அவுக ஏன் அனுப்புனாகன்னு எங்களுக்குத் தெரியாதான்னு சிரிக்காக. ரெண்டு பள்ளிக்கூடம் பாத்துட்டேன். இப்ப எங்கிட்டுப் போக?" என்று டி.சி.யை என் கையில் கொடுத்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.' ஒரு மூட்டை தூக்கும் மனிதர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து, அவர் பிள்ளையைத் துரத்தும் கம்பாக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்காமல், என் பேரிலேயே.

"சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருங்க. நான் வாரேன், மூணு பேருமாப் போவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பேனாவை எடுத்தால் எழுத்து தெரியவில்லை. இந்த நிலையில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைத் தொடக்கூடாது என்று மூடி வைத்துவிட்டேன். எங்கள் மேஜைக்குத் தலைமைத் தேர்வாளர் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். என்ன என்று கேட்டார். சொன்னேன். போய் அந்த அறையில் நாலு பேர் கேட்கிற மாதிரிக் கத்தப்போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் அவசரப்படாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏனுங்க டீச்சர், நீங்க கத்துனீங்கன்னா அவருக்கு ரொம்பச் சவுகரியமுங்க. அந்தம்மா கோவக்காரங்கன்னு சொல்லி முடிச்சுப்போடுவாரு. பேச்சு பிள்ளையை விட்டுட்டு உங்க மேல வந்துருமுங்க. அந்த டி.சி.யில என்ன போட்டிருக்குதுன்னு பாத்தீங்களா?"

"பாஸ்னு போட்டிருக்கு. பத்தாம் வகுப்புக்குத் தகுதின்னு."

"அப்பப் பத்தாம் வகுப்புக்கு அங்கயே கொண்டுபோய்க் குடுங்க. சேக்க முடியாதும்பாரு. எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க. வாயில இல்லைங்கறது சுலபமுங்க. எழுதறப்பத்தான் கை நிக்கும்."

அவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சாயங்காலம் மூவரும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், பேப்பர் எல்லாம் எப்படி, ஸ்ட்ரிக்டா திருத்துறாங்களா?" என்றார். பின்னால் வந்த இருவரையும் பார்த்ததும் முகம் மாறியது.

"சார், இந்தப் பிள்ளை பத்தாவதுல புது அட்மிஷன் கேட்டு வந்திருக்கு" என்றேன்.

"என்ன டீச்சர் இது. நம்ம பாண்டியம்மா."

"நம்ம பிள்ளைன்னா டி.சி. குடுத்திருக்க மாட்டோம் சார். இப்ப இது வெளிப் பிள்ளை. பத்தாம் வகுப்புக்குத் தகுதின்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சீட் இல்ல டீச்சர்."

"சரி சார். அதை எழுதிக் குடுத்துருங்க. தகுதி இருக்கு, சீட் இல்லைன்னு."

"மிரட்டுறீங்களா?"

"எழுதிக் குடுக்கத்தான் கேக்குறேன் சார்."

அவர் பாண்டியம்மாளின் அம்மா பக்கம் திரும்பினார். குரல் இனிப்பாகிவிட்டது. "அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் டீச்சர்கிட்டப் பேசிக்கறேன்."

அந்த அம்மா அதுவரை கதவோரமாக நின்றிருந்தார். மெல்ல நடந்து வந்து, தலைமையாசிரியருக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காட்டு மண் ஒட்டிய காலோடு, நன்றாகச் சாய்ந்து. எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "எழுதிக் குடுங்க சாமி. நான் இங்கனதான் இருக்கேன். எனக்குச் சோலி ஒண்ணுமில்ல" என்றார்.

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கோபம் இருந்தால் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியில் அவர் சொன்னார்: "இந்தப் பிள்ளை ஃபெயிலாச்சுன்னா நீங்கதான் டீச்சர் பொறுப்பு."

"பரீட்சைன்னு வச்சா பாஸும் இருக்கும், ஃபெயிலும் இருக்கும் சார். நான் சொல்லிக் குடுக்கிறதுக்குப் பொறுப்பு."

டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாண்டியம்மாளும் அம்மாவும் வெளியே போன பிறகு கதவருகில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நான் சொன்னதா ஏன் சார் சொன்னீங்க?"

அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "கிளாஸ் டீச்சர் பேரைச் சொன்னாத்தான் பேரன்ட்ஸ் நம்புறாங்க டீச்சர்."

மற்ற ஐந்து பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனேன். மூன்று பேரைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. ஒரு பையன் மாமாவோடு தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். இனிமேல் படிப்பு வேண்டாம் என்று அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவமானப்பட்டவன் வேறு என்ன சொல்வான்?

ஐந்தாவது பிள்ளை மகேஸ்வரி. வகுப்பில் அவள் குரலே கேட்காது. முத்து முத்தான கையெழுத்து. கரும்பலகையில் தேதி எழுதும் வேலை அவளுடையது. நான் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. மே மாதம் ஊர் ஊராக வேன் வந்து பெண்பிள்ளைகளை நூல் மில்லுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும். அங்கேயே தங்கி மூன்று வருடம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்காத பிள்ளை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவள் அப்பா அனுப்பிவிட்டிருந்தார்.

மில் கேட்டுக்கு இரண்டு தடவை போனேன். பெற்றோரைத் தவிர யாரையும் விடமுடியாது என்றார்கள். டீச்சர் என்று சொன்னேன். "டீச்சருக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார் செக்யூரிட்டி. அவர் கேட்டதில் தப்பில்லை. அவள் அப்பாவை வரச்சொல்லிக் கெஞ்சினேன். மில்லுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகவும், வார்த்தை மாறமாட்டேன் என்றும் அவர் சொன்னார்.

அந்த வருடம் முழுவதும் பாண்டியம்மாளையும் மற்ற மூவரையும் சாயங்காலம் நிறுத்தி வைத்துப் பாடம் சொன்னேன். பாண்டியம்மாள் தேறிவிட்டாள் என்று சொன்னால் உங்களுக்கு இனிப்பாக இருக்கும். அவள் தேறவில்லை. மற்ற மூவரும் தேறினார்கள், இவள் கணக்கில் விழுந்தாள். என் பாடத்தில். சென்டம் போனது. தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, எல்லார் முன்னாலும், "ஒரே ஒரு பிள்ளையால போச்சு டீச்சர்" என்றார். வருத்தத்தோடு தலையாட்டினார்கள், என்னோடு டீ குடிக்கிறவர்களே. அக்டோபர் தேர்வுக்கு மறுபடி உட்கார்ந்தோம், நானும் பாண்டியம்மாளும்.

ஆனால் அதற்கு முன்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கொடுத்த நாளன்று, மகேஸ்வரி வந்தாள். ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு மில்லில் லீவு கொடுத்திருந்தார்கள். கூடப் படித்தவர்களைப் பார்க்க வந்திருக்கிறாள். இளைத்துப்போய், கழுத்து எலும்பு தெரிய, பேசும்போது நடுநடுவே இருமிக்கொண்டு. டி.சி.யை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"டீச்சர், நான் பாஸுதானே? இதுல பாஸுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"பாஸான பிள்ளைய ஏன் டீச்சர் போகச் சொன்னாக?"

பதில் சொல்ல வேண்டிய ஆள் நானில்லை. கையைப் பிடித்து நேராகத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் அவள் பெற்றோரும் இருந்தார்கள். மேஜையில் லட்டு டப்பா. "சாரைக் கேளு மகேஸ்" என்றேன்.

வகுப்பில் குரலே கேட்காத அந்தப் பிள்ளை கேட்டாள். என்னிடம் கேட்ட அதே வார்த்தைகளில்.

அவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சது. இங்க இருந்து ஃபெயிலாயிருந்தா உனக்குத்தானே அசிங்கம்?"

"ஃபெயிலானா மறுபடி எழுதியிருப்பேன்ல சார். பாண்டியம்மா எழுதப்போறால்ல" என்றாள் மகேஸ்வரி.

அவர் டப்பாவிலிருந்து ஒரு லட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளை நாம் பழக்கவில்லையே. வெளியே வந்து அதை என் கையில் வைத்துவிட்டு, "இருமலுக்கு இனிப்பு ஆகாது டீச்சர்" என்றாள்.

தனித்தேர்வராக எழுத வைக்கிறேன், புத்தகம் கொண்டுவந்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். திருவிழா முடிந்து வேனில் போனாள். புத்தகம் கொடுத்துவிட்டேன், அவள் அப்பா மூலமாக. அது அவள் கைக்குப் போனதா என்று தெரியாது. அவள் பத்தாவது எழுதவே இல்லை. பாண்டியம்மாள் அக்டோபரில் தேறினாள், பிறகு டீச்சர் ட்ரெயினிங் முடித்து இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளியில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஏறக்குறைய ஒரே மார்க்குதான். வித்தியாசம் என்னவென்றால், ஒருத்தியின் அம்மா என்னைத் தேடி முகாம் கேட்டுக்கு வந்தார். இன்னொருத்தியின் அம்மா உயிரோடு இல்லை.

அடுத்த ஏப்ரலில் நான் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், என் வகுப்பில் ஒரு டி.சி. கொடுப்பதானாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. அவரும் ஒத்துக்கொண்டார். நான் ஓய்வு பெறும் வரை என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் அப்படிப் போகவில்லை.

பக்கத்து வகுப்புகளிலிருந்து போனார்கள். வருடா வருடம் போனார்கள். அந்த வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். கூட்டத்தில் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருடம் எங்கள் பள்ளிக்கும் சென்டம் வந்தது. பேனர் கட்டினோம். ஃபோட்டோ எடுக்க எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். நான் நிற்கவில்லை.

இந்த ஏப்ரலில் உங்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். யாராவது உங்கள் காலை மிதிப்பார்கள். மிதிக்கட்டும், நீங்கள் பேசுங்கள்.